மிதப்பதற்காக வைத்தது

கம்பளத்தை உரித்ததும் தெரிந்துவிட்டது.
பலகை இல்லை அங்கே.
பலகையின் நிறத்தில் ஏதோ ஒன்று,
தேநீரில் ஊறிய ரொட்டி மாதிரி.
கட்டைவிரல் கணுவரைக்கும் இறங்கியது.

எழுபத்தெட்டில் வார்த்த பைபர் படகு, பதினாறு அடி.
முந்நூறு டாலர், டிரெய்லரோடு சேர்த்து.
"தளம் கல்லு மாதிரி" என்றார் வெண்டல் ஹாக்கலா,
சொல்லிக்கொண்டே குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார்
ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில்,
தட்டக்கூடிய இடத்தில்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
பாரம் எனக்குத் தெரியும்.
இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால்
பின்னால் எத்தனை பிள்ளைகள் என்று முதுகு சொல்லும்.
குவின்சி மேட்டிலிருந்து இதை இழுத்து வந்த அன்றே
முதுகு சொன்னது:
உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏப்ரல். ஏரியின் பனிக்கட்டி
கரையை விட்டு ஒரு முழம் நகர்ந்திருந்த வாரம்.
வட்ட ரம்பத்தால் தளத்தை அறுத்துத் தூக்கினேன்.
தூக்கினேன் என்பது பொய்;
மண்வாரியால் அள்ளினேன்.
அதன் அடியில் மஞ்சள் ஃபோம்,
கவிழ்ந்தாலும் படகு முழுகாதிருக்க
தொழிற்சாலையில் ஊற்றி நிரப்பியது.
கத்தியை விட்டேன்.
நறுக்கென்றது.
வெளியே சேறும் ராபின் குருவியும் வந்தாயிற்று,
உள்ளே இன்னும் பிப்ரவரி.

துண்டு துண்டாகப் பெயர்த்து
குளியலறை எடைமேடையில் வைத்தேன்.
கராஜ் சுவரில் சாக்பீஸால்
பதினொன்று, பதினான்கு, ஒன்பது,
ஒருமுறை இருபத்திரண்டு.
காய்ந்திருந்தால் எல்லாம் சேர்ந்து
ஒரு நாய்க்குட்டி கனம்.
கூட்டினால் நானூற்றுப் பன்னிரண்டு பவுண்டு.

மூன்றாம் நாள் கூப்பிடாமலே வந்தார் வெண்டல்.
கையில் கிரைண்டர், இரண்டு முகமூடி.
யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை;
இந்த ஊரில் அதைச் சொல்ல ஆள் வேண்டியதில்லை.
அழுகிய நெடுக்குச் சட்டங்களைத் தேய்க்கத் தொடங்கினார்.
சுவரின் பக்கம் திரும்பவேயில்லை.
பிறகு திரும்பினார்.
உதடு அசைய ஒவ்வொன்றாகக் கூட்டினார்.

"கம்பளம் நான் போட்டதில்ல.
வாங்கும்போதே இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கிரைண்டர் மட்டும்.
அணைத்துவிட்டுச் சொன்னார்:
"தூக்கிப் பாக்கவும் இல்ல.
வருஷா வருஷம் மெதுவாயிட்டே வந்துச்சு.
மோட்டாரைத்தான் சந்தேகப்பட்டேன்.
ரெண்டு மோட்டார் மாத்தினேன்."

திங்கள் காலையிலிருந்து
ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லிப் பழகிய வசவு
நாக்கில் தயாராக இருந்தது.
கண்ணாடித் தூள் இரண்டு பேர் கழுத்திலும்
ஒரே மாதிரி அரித்தது.
"முந்நூறு அதிகம்" என்றேன்.
"அதிகம்தான்" என்றார்.

அடிமட்டத்தில் வடிகால் துளையைக் கண்டுபிடித்தோம்.
அதை அடைத்திருந்தது இலையோ சேறோ அல்ல,
அதே ஃபோம்.
முதல் நாளே, ஊற்றின கையோடு.
நாற்பது வருஷத்து மழை
வழி கேட்டுக் கேட்டுக் கடைசியில்
அங்கேயே குடியேறிவிட்டது.

புது மரைன் பிளைவுட்.
விளிம்புகளுக்கு மூன்று தடவை எபாக்சி.
இரண்டு டப்பா, சமபாகம், இருபது எண்ணும்வரை கலக்கி
ஊற்றினால்
அடுப்பில் மறந்த பால் போல் பொங்கி வந்தது புது ஃபோம்.
பின்வாங்கி நின்று சிரித்துவிட்டோம், முகமூடிக்குள்.
அதற்கு முன்பே நடுவில் நெடுக
ஒரு பிவிசி குழாயைக் கிடத்தியிருந்தேன்.
"எதுக்கு?"
"தண்ணி வரும்."
அவர் அதை மறுக்கவில்லை.

மாலையில் டிரெய்லரைப் பார்த்தேன்.
வில்பட்டைகள் இரண்டு அங்குலம் நிமிர்ந்திருந்தன;
தண்ணீரைத் தொடாமலே
படகு கொஞ்சம் மிதந்திருந்தது.

பழைய ஃபோம் வாசலில் குவியலாக வெயில் காய்ந்தது.
அதிலிருந்து ஒரு கோடு கசிந்து
சரளைக்குள் இறங்கி, சாலையோர வாய்க்காலைப் பிடித்து,
எங்களுக்காகக் காத்திராமல்
ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது.
கிளம்பும்போது வெண்டல்
அதை மிதிக்காமல்
கால் அகட்டித் தாண்டினார்.
கிரைண்டரை விட்டுவிட்டுப் போனார்.
நாளைக்கு வருவார் போல.